தூங்குமூஞ்சிப் பாறையின் மணி

1927ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 19ஆம் தேதி செவ்வாய்க்கிழமை முற்பகல், லூமுட் போலீஸ் ஸ்டேஷனில், இன்ஸ்பெக்டர் துரை முன்னிலையில், மொழிபெயர்ப்புக் கிராணி விஸ்வலிங்கம் தமிழில் கேட்டு எழுதிக்கொண்டது.

பெயர் வீரம்மா. வயது முப்பது, ஒன்றிரண்டு கூடவோ குறையவோ இருக்கலாம். புருஷன் பெயரை வாயால் சொல்லும் வழக்கமில்லை என்று சொன்னதால், வாசலில் நின்ற கான்ஸ்டபிள் “அப்பாவு” என்று சொல்ல, ஆமாம் என்று தலையசைத்தார். இருப்பிடம் லூமுட்டுக்குத் தெற்கே ஓடைக்கரைத் தோட்டம், கூலிகள் குடியிருக்கும் இரண்டாவது லயம். தொழில் பால்மரம் வெட்டுவது, அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுப்பது. விருப்பமில்லாவிட்டால் எதுவும் சொல்லத் தேவையில்லை, சொன்னால் அது கோர்ட்டில் எடுத்துக்கொள்ளப்படும் என்று எச்சரித்ததற்கு, சொல்லாமல் வைத்திருந்தால்தான் நெஞ்சு வெடித்துவிடும், எழுதுங்கள் என்று சொல்லிக் கீழ்க்கண்டவாறு கூறினார்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் மணியை நான் திருடினேன் என்றும், தீட்டோடு கோயிலுக்குள் கால் வைத்தேன் என்றும் சின்னையா கங்காணி கொடுத்த புகாரை எனக்குப் படித்துக் காட்டினார்கள். மணியை எடுத்தது நான்தான். தீட்டோடு உள்ளே போனதும் நான்தான். ஆனால் திருடவில்லை. திருட வந்தவள் பட்டப்பகலில் காண்டாக் கம்பில் மாட்டி, லயத்து வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு போகமாட்டாள். காண்டாக் கம்பு என்பது பால் வாளிகளை இரண்டு பக்கமும் தொங்கவிட்டு நாங்கள் தோளில் சுமக்கிற கம்பு. துரை கேட்டதால் இதைச் சொல்கிறேன்.

என் புருஷன் முன்பு இதே தோட்டத்தில் வேலை செய்தவர். இப்போது லூமுட் துறைமுக ஆபீஸ் லாஞ்சில் கூலியாக இருக்கிறார். கடலில் பாறை இருக்கிற இடங்களில், படகுக்காரர்களுக்கு அடையாளமாக, இரும்புப் பீப்பாய்களைச் சங்கிலியால் கட்டி மிதக்கவிட்டிருக்கிறார்கள். அவற்றைப் போயா என்று சொல்வார்கள். போயாக்களில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுவதும், துருவை இடித்துத் தள்ளிச் சிவப்புச் சாயம் அடிப்பதும், தேய்ந்த சங்கிலியை மாற்றுவதும் அவருடைய வேலை. ஓய்வு நாளில் சம்பானில், அதாவது சின்னத் துடுப்புப் படகில், தோட்டத்துக்கு வருவார். வந்தால் அந்தப் போயாவுக்கு இப்படி ஆயிற்று, இந்தப் போயாவுக்கு அப்படி ஆயிற்று என்றுதான் பேச்சு. “பேசாம அதுங்கள்ல ஒண்ணையே கட்டியிருக்கலாம்லா” என்று நானும் கேலி செய்திருக்கிறேன்.

எங்கள் தோட்டத்து ஓடை கடலில் விழுகிற இடத்துக்கு நேர் எதிரே ஒரு பாறை இருக்கிறது. பங்கோர் தீவிலிருந்து வந்தாலும் லூமுட்டிலிருந்து வந்தாலும் அதைத் தாண்டித்தான் ஓடைக்குள் நுழையவேண்டும். மலாய்க்காரர்கள் பத்து தீடோர் என்பார்கள், தூங்குகிற கல் என்று அர்த்தம். நாங்கள் தூங்குமூஞ்சிப் பாறை என்போம். தண்ணீர் வற்றினால் எருமை முதுகு மாதிரி வெளியே தெரியும். தண்ணீர் ஏறினால் தெரியாது. பௌர்ணமி ஏற்றத்தில் அந்த இடத்தில் பாறை இருக்கிறது என்று சத்தியம் செய்தாலும் புதிதாக வந்தவன் நம்பமாட்டான். அதனால் அந்தப் போயாவில் மட்டும் மணி வைத்திருந்தார்கள். போயாவின் தலைமேல் நாலு கால் இரும்புச் சட்டம், அதன் நடுவில் மணி, மணிக்கு வெளியே சுற்றிலும் நாலு இரும்புக் குண்டுகள் தொங்கும். அலை ஆட்ட ஆட்டக் குண்டுகள் மாறி மாறி வந்து மணியின் விளிம்பில் அடிக்கும். மழை மூடிக் கண் தெரியாதபோது அந்தச் சத்தத்தை வைத்துத்தான் படகுகள் ஒதுங்கிப் போகும்.

போன மாதம் அந்த மணி காணாமற்போனது. லாஞ்சில் போனவர்கள் பார்த்தபோது, மணியைத் தாங்கியிருந்த ஆணிகளை யாரோ அரத்தால் அறுத்திருந்தார்கள். அடுத்து வந்த ஓய்வு நாளில் என் புருஷன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. “குண்டு நாலும் சும்மா ஆடிக்கிட்டிருக்கு வீரம்மா. அடிக்க ஒண்ணுமில்ல. பாக்க சகிக்கல” என்றார். ஆபீஸில் பினாங்குக்கு எழுதி வேறு மணி கேட்டிருந்தார்கள். அது வரும்வரைக்கும் போயாவில் சிவப்புக் கொடி கட்டினார்கள். வெயிலில் கொடி தெரியும். மழையில் கொடி எதற்கு ஆகும் என்று அவர் புலம்பிக்கொண்டே இருந்தார்.

இனி கங்காணி மணி வாங்கிய விஷயம். அவர் சம்சாரம் முத்தம்மா அக்காவுக்கு மார்கழியில் காய்ச்சல் கண்டு, பத்து காஜா ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியிலும் ரயிலிலும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அங்கேயும் கைவிரித்துவிட்டார்கள் என்று சேதி வந்தது. அப்போது கங்காணி, அவள் உயிரோடு திரும்பி வந்தால் அம்மனுக்கு மணி கட்டுகிறேன் என்று வேண்டிக்கொண்டார். அக்கா பிழைத்து வந்தது. திருவிழாவுக்கு முன்னால் கங்காணி சித்தியவானில் ஒரு பழைய இரும்புக் கடையில் மணி வாங்கி வந்தார். எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை, கடைக்காரனும் சொல்லவில்லை. கப்பல் மணி என்று நினைத்துக்கொண்டார். தெரிந்தே திருட்டு மணியை வாங்கினார் என்று நான் சொல்லவில்லை, அப்படி எழுதவும் வேண்டாம்.

காப்புக் கட்டிய அன்று மணியைக் கோயிலில் தொங்கவிட்டார்கள். அதற்கு உள்ளே நாக்கு இல்லை. நாக்கில்லாத மணி ஏன் என்று ஒருவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. பூசை செய்கிற பண்டாரம் ஒரு இரும்புத் துண்டால் வெளிப்பக்கம் அடித்தார். தீபாராதனைக்கு முதலில் நிறுத்தி நிறுத்தி அடித்து, பிறகு முடுக்கி அடிப்பது அவர் வழக்கம். சத்தம் ரப்பர் மரங்களுக்குள் ரொம்ப தூரம் போனது. முத்தம்மா அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு அழுதது. எனக்கும் கண் கலங்கியது. நல்ல மணி என்றுதான் நினைத்தேன்.

சித்திரா பௌர்ணமி சனிக்கிழமை வந்தது. வருஷா வருஷம் அன்றைக்கு எங்கள் தோட்டத்து ஜனங்கள் ரப்பர் ஏற்றுகிற தொங்கானில், அதாவது சரக்குப் படகில், பங்கோர் தீவுக்குப் போய், அம்மன் கரகத்தைக் கடலில் நீராட்டிவிட்டு வருவார்கள். காலையில் தண்ணீர் வற்றும்போது அதோடு போவார்கள், பிற்பகலில் தண்ணீர் ஏறும்போது அதோடு திரும்புவார்கள். இந்த வருஷம் எல்லாரும் போனார்கள், பண்டாரமும் போனார். நான் போகவில்லை. நான் வீட்டுக்குத் தூரமாக இருந்தேன்.

இந்த இடத்தில் கிராணி ஐயா எழுதுவதை நிறுத்தி, “இதை நான் துரைக்கு என்னெண்டு சொல்லுறது பிள்ளை?” என்று கேட்டார். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், துரை வீட்டிலும் பொம்பளை இருப்பார்கள் என்றேன். சொன்னார். துரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

காலையில் நான் படித்துறைக்கு எட்ட நின்றேன். கங்காணி என்னைப் பார்த்துவிட்டு, “படகுப் பக்கம் வராத பிள்ள, சாமி காரியம்லா. லயத்துலேயே இரு” என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை, எல்லாருக்கும் உள்ள கட்டுப்பாடுதான். ஆனாலும் எனக்கு ஆத்திரமாக வந்தது. என் மகள் பாப்பாவை முத்தம்மா அக்கா இடுப்பில் தூக்கிக்கொண்டது. “மடிய விட்டு எறக்கமாட்டேன் தங்கச்சி, நீ போய்ப் படு” என்றது. பாப்பாவுக்கு வயது ஐந்து. அவளுக்கு முன்னால் எனக்கு இரண்டு பிறந்து தவறிவிட்டது. அவள் கையாட்டவில்லை, கரகத்தையே பார்த்துக்கொண்டு போனாள்.

அதன் பிறகு உச்சி வேளையில் என் புருஷன் லூமுட்டிலிருந்து சம்பானில் வந்தார். கருவாடு கொண்டு வந்தார். நான் சமைக்கக்கூடாது என்பதால் அவரே அடுப்பு மூட்டுவதாகச் சொல்லிவிட்டு, முதலில் கோயிலில் சூடம் கொளுத்திவிட்டு வருகிறேன் என்று போனார். போனவர் உடனே திரும்பினார். முகத்தில் ரத்தமே இல்லை.

“கோயில்ல தொங்குற மணி யாரு கொடுத்தது?” என்று கேட்டார்.

“கங்காணி வேண்டுதல். காப்புக் கட்டுன அன்னிக்கு மாட்டுனாங்க.”

“அது தீடோர் மணி, வீரம்மா.”

நான் நம்பவில்லை. உங்களுக்குப் போயாப் பித்து முற்றிவிட்டது என்றேன். அவர் என்னை இழுத்துக்கொண்டு போனார். நான் கோயில் வாசலுக்கு வெளியே நின்றேன். அவர் உள்ளே போய் மணியைக் கையால் திருப்பித் திருப்பிக் காட்டினார். விளிம்பின் வெளிப்பக்கத்தில் நாலு இடங்கள் தேய்ந்து பளபளவென்று இருந்தன. பண்டாரம் ஒரே பக்கம் நின்றுதான் அடிப்பார். மற்ற மூன்று இடங்களைத் தேய்த்தது யார் என்று அவர் கேட்டார்.

அப்போது காற்று நின்றுபோயிருந்தது. ரப்பர் இலை ஒன்றுகூட ஆடவில்லை. மேற்கே கடல் பக்கம் வானம் ஈயம் மாதிரி கறுத்துக்கொண்டு வந்தது. சுமாத்ராக் காற்று வரப்போகிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. அந்தக் காற்று வந்தால் மழை சுவர் மாதிரி வரும், படகின் முன்பக்கத்தில் நிற்பவனுக்குப் பின்பக்கத்தில் இருப்பவனைத் தெரியாது. பௌர்ணமி ஏற்றம். தொங்கான் அந்தத் தண்ணீரோடுதான் திரும்பி வரும். பாறை மூடியிருக்கும். பாப்பா என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நினைத்தோம்.

லாஞ்சை அனுப்பச் சொல்லலாமே என்றேன். லாஞ்ச் தெலுக் ஆன்சனுக்குப் போயிருக்கிறது, ஈஸ்டர் லீவுக்கு ஆபீஸும் பூட்டியிருக்கிறது என்றார். அப்படியானால் மணியை நாமே கொண்டுபோய் மாட்டலாம் என்றேன். அவர் கையை மணிமேல் வைத்தார், பிறகு எடுத்துவிட்டார். பூசை போட்ட மணி, அம்மன் சொத்து, பண்டாரம் கழற்றினால்தான் உண்டு, நாம் கழற்றினால் குடும்பத்துக்கு ஆகாது என்றார். அவர் பொய் சொல்கிறவர் அல்ல, கோழையும் அல்ல. கை எழவில்லை, அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. “அம்மனுக்கு வேற மணி வாங்கிக் கட்டலாம். ஈப்போவுல நாக்கோட, சங்கிலியோட விக்கிறான். எனக்கு வேற பாப்பா எங்க விக்கிறான், சொல்லுங்க!” என்று கத்தினேன். அதன் பிறகு உள்ளே போய் அவரைத் தள்ளிவிட்டேன்.

பயமில்லாமல் போனேன் என்று எழுதவேண்டாம். நான் பிறந்ததிலிருந்து அந்த நிலையில் கோயில் வாசலைக்கூட மிதித்ததில்லை. அம்மனைப் பார்த்து, “தாயே, குளிக்காம வந்திருக்கேன். கோவம் இருந்தா எம்மேல காட்டு, படகுமேல காட்டாத” என்று சொன்னேன். இதை வாய்விட்டுத்தான் சொன்னேன். அதன் பிறகு வாசலில் கிடந்த பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி, மணியைக் கொக்கியிலிருந்து தூக்கினேன். பலிபீடத்தின் மேல் ஏறினேன் என்று புகாரில் இருப்பது பொய். மணி நிறை வாளிப் பாலைவிட கனமாக இருந்தது. இறக்கும்போது என் முழங்கால்மேல் விழுந்தது. காயத்தைத் துரை பார்த்தார்.

என் புருஷன் கோயிலுக்குள் மணியைக் கழற்றவில்லை, தூக்கவும் இல்லை. அவர் சர்க்கார் வேலையில் இருப்பவர், அவரைக் குற்றத்தில் சேர்க்கவேண்டாம். நான் மணியோடு வெளியே வந்த பிறகு அவருக்கு உயிர் வந்தது. சம்பானை அவிழ்க்க ஓடினார். நான் காண்டாக் கம்பில் ஒரு பக்கம் மணியையும், சமம் வருவதற்காக மறுபக்கம் வாளியில் கயிறும் கல்லும் போட்டுத் தோளில் ஏற்றினேன். காய்ச்சலால் திருவிழாவுக்குப் போகாத இருளாயி லயத்து வாசலில் போர்வையோடு உட்கார்ந்திருந்தாள். “எங்கடி தூக்கிக்கிட்டுப் போற?” என்று கேட்டாள். “அம்மன் கடலுக்குப் போறா” என்றேன். அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். அவள்தான் பிறகு கங்காணியிடம் சொன்னது. பார்த்ததைத்தான் சொன்னாள், அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

அதன் பிறகு இரண்டு பேரும் துடுப்புப் போட்டோம். ஓடைவாய் தாண்டும்வரை தண்ணீர் சும்மா கிடந்தது. தாண்டியதும் ஏற்றம் திரும்பி, எங்களைப் பின்னுக்குத் தள்ளியது. நான் மரம் வெட்டுகிறவள், துடுப்புப் போடுகிறவள் அல்ல. உள்ளங்கை உரிந்தது. பாறையின் முதுகு கொஞ்சம் தெரிந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சின்னதாகிக்கொண்டு வந்தது. தீவுப் பக்கம் ஒரு பாய் தெரிந்தது. அது எங்கள் தொங்கான்தான் என்று என் புருஷன் சொன்னார். அதன் பிறகு மழை வந்து அந்தப் பாயை மறைத்துவிட்டது.

போயாவைத் தூரத்தில் பார்த்தால் சாதுவாக மிதப்பது போல இருக்கும். பக்கத்தில் போனால் பேய் பிடித்தவள் மாதிரி ஆடுகிறது. என் புருஷன் கயிற்றோடு அதன்மேல் தாவி இரும்புச் சட்டத்தைப் பிடித்தார். நான் சம்பானில் மண்டியிட்டு மணியைத் தூக்கிக் கொடுத்தேன். முதல் தடவை அலை எங்களைப் பிரித்துவிட்டது. மறுபடி தூக்கினேன், அவர் ஒரு கையால் வாங்கினார், அந்த நேரம் போயா சாய்ந்து அவர் கால் வழுக்கி இடுப்புவரை தண்ணீருக்குள் போனார். மணியை விடவில்லை. நான் அவர் பெயரைச் சொல்லிக் கத்திவிட்டேன். கல்யாணம் ஆனதிலிருந்து அன்றைக்குத்தான் முதல் தடவை. இதை எழுதவேண்டாம்.

அதன் பிறகு அவர் மேலே ஏறினார். ஆணிகளை அறுத்திருந்ததால் மணியை மாட்ட இடமில்லை. காண்டாக் கம்பைச் சட்டத்துக்குக் குறுக்கே வைத்துக் கட்டி, அதில் மணியைக் கயிற்றால் தொங்கவிட்டார். கயிற்றில் தொங்கிய மணி போயாவோடு சேர்ந்து ஆடியதால் குண்டுகள் அதன்மேல் சரியாகப் படவில்லை. எப்போதாவது ஒரு குண்டு உரசி, ஓட்டைப் பானையைத் தட்டியது போல ஒரு சத்தம் வந்தது. அந்த மழையில் அது எங்களுக்கே கேட்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். “நீ ஏறி வா” என்றார்.

நான் சம்பானைப் போயாவில் கட்டிவிட்டு ஏறினேன். அவர் பையிலிருந்து துரு இடிக்கிற சுத்தியலை எடுத்து என் கையில் கொடுத்தார். “நான் கம்பையும் உன்னையும் பிடிச்சிக்கிறேன். நீ அடி. விடாம அடி” என்றார். எனக்கு எப்படி அடிப்பது என்று தெரியாது. எனக்குத் தெரிந்தது கோயில் அடி ஒன்றுதான். பண்டாரம் தீபாராதனைக்கு அடிப்பது போல முதலில் நிறுத்தி நிறுத்தி அடித்தேன், பிறகு முடுக்கினேன், திரும்பவும் முதலிலிருந்து அடித்தேன். மழைத் தண்ணீர் வாய்க்குள் போனது. பாறை எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அது மூடிப்போயிருந்தது. தொங்கான் ஏற்கெனவே எங்கேயாவது மோதிப் போயிருக்குமோ, ஆளில்லாத கடலுக்கு மணி அடித்துக்கொண்டிருக்கிறேனோ என்று நினைத்தேன். அப்போதும் அடித்தேன்.

மழைக்குள்ளிருந்து முதலில் குலவைச் சத்தம் கேட்டது. எங்கள் தோட்டத்துப் பெண்களின் குலவை. தீபாராதனை மணி கேட்டதும் படகில் இருந்தவர்கள் அம்மன் கடலில் எழுந்துவிட்டாள் என்று குலவை போட்டிருக்கிறார்கள். அதன் பிறகு படகு ஓட்டுகிற தண்டல் ஒஸ்மான் மலாயில் கத்துகிற சத்தம் கேட்டது. அவருக்கு அம்மனும் தெரியாது, தீபாராதனையும் தெரியாது. இந்த இடத்தில் மணி கேட்டால் பக்கத்தில் பாறை என்று மட்டும் தெரியும். அதன் பிறகு தொங்கானின் மூக்கு மழையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. எங்களுக்கும் பாறைக்கும் நடுவில் புக நேராக வந்துகொண்டிருந்தது. பாய் படபடவென்று அடித்துக்கொண்டது, படகு முனகிக்கொண்டு திரும்பியது, போயாவுக்கு வெளிப்பக்கமாக எங்களை உரசுவது போலப் போனது. கை நீட்டினால் அதன் பலகையைத் தொட்டிருப்பேன். பாப்பாவைத் தேடினேன், தெரியவில்லை. நனைந்த தலைகள் மட்டும் தெரிந்தன. அதன் பிறகு மழை அதை மூடிவிட்டது. மரம் உடைகிற சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வரவில்லை. அப்போதுதான் நான் அழுதேன்.

காற்று அடங்கியதும் என் புருஷன் கயிறுகளை இழுத்துக் கட்டி, மணி ஆடாமல் நிற்கும்படி செய்தார். குண்டுகள் தாமாக அடிக்க ஆரம்பித்தன. அதைக் கேட்டுக்கொண்டே கரைக்கு வந்தோம்.

நாங்கள் படித்துறைக்கு வந்தபோது ஜனங்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். அம்மன் தலையை விரித்துப்போட்டுத் தண்ணீர்மேல் நின்று மணி அடித்தாள் என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் முடி அவிழ்ந்து கிடந்தது உண்மை. அது நான்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கங்காணிக்கு அந்த மணியின் சத்தம் தெரியும். அவர் கோயிலுக்கு ஓடிப்போய் வெறும் கொக்கியைப் பார்த்துவிட்டு, இருளாயி சொன்னதையும் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். நனைந்து நின்ற என்னைப் பார்த்தார். நான் மறைக்கவில்லை. எடுத்தது, கட்டியது எல்லாவற்றையும் சொன்னேன்.

“எம்பொண்டாட்டி உயிருக்குக் கட்டுன மணிடீ அது! கழட்டிட்டியே, இனிமே அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்னா பண்ணுவேன்?” என்றார். அவர் அடிக்கவில்லை. அது கோபம் இல்லை, பயம் என்று எனக்குத் தெரிந்தது. அதே பயத்தோடுதான் நானும் மத்தியானம் முழுக்க இருந்தேன்.

“அக்கா உங்க பக்கத்துலதானே நிக்குது கங்காணி. தொட்டுப் பாருங்க” என்றேன்.

பாப்பா முத்தம்மா அக்கா தோளில் தூங்கிப்போயிருந்தாள். எல்லார் முன்னாலும் அக்கா வந்து, தீட்டு என்று பார்க்காமல், பிள்ளையை என் கையில் கொடுத்தது.

மறுநாள் கோயிலில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். அதற்கு மறுநாள், அதாவது நேற்று, கங்காணி இங்கே வந்து புகார் கொடுத்தார். கான்ஸ்டபிள்கள் படகில் போய்ப் போயாவிலிருந்த கயிற்றை அறுத்து மணியை எடுத்து வந்தார்கள். அவர்கள் உத்தரவுப்படி செய்தார்கள். பிறகு தோட்டத்துக்கு வந்து என்னை அழைத்து வந்தார்கள்.

துரை கேட்ட கேள்விக்குப் பதில்: கழற்றுவதற்கு முன் பண்டாரத்தையோ கங்காணியையோ ஏன் கேட்கவில்லை என்றால், அவர்கள் இரண்டு பேரும் அந்தப் படகில் இருந்தார்கள்.

மறு கேள்விக்குப் பதில்: மறுபடியும் அப்படி ஒரு நாள் வந்தால் என்ன செய்வாய் என்றால், இதையேதான் செய்வேன்.

வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று துரை கேட்டதற்குச் சொல்கிறேன். கடலில் கோயில் மணிச் சத்தம் கேட்டதாகக் கங்காணி புகாரிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார். அது சத்தியம். கேட்டதால்தான் புகார் கொடுக்க உயிரோடு இருக்கிறார். முத்தம்மா அக்கா உயிர் நிற்கவேண்டும் என்று அவர் மணி கட்டினார். அந்த உயிரும் அந்தப் படகில்தான் இருந்தது. அவர் வேண்டுதல் வீணாகவில்லை என்று அவரிடம் சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டார்.

மணி இப்போது இந்த மேசையில், கழுத்தில் சீட்டுக் கட்டி உட்கார்ந்திருக்கிறது. வழக்கு முடியும்வரை சான்றுப் பொருளாக அலமாரியில் பூட்டி வைப்பார்கள் என்று கான்ஸ்டபிள் சொன்னார். துரைக்குப் பின்னால் இருக்கிற ஜன்னல் வழியாக எனக்குக் கடல் தெரிகிறது. மேற்கே மழை கட்டிக்கொண்டு வருகிறது. கங்காணியும் முத்தம்மா அக்காவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். ரப்பரை இறக்கிவிட்டுத் திரும்புகிற தொங்கானில்தான் அவர்கள் இன்றைக்குத் தோட்டத்துக்குப் போகவேண்டும். தூங்குமூஞ்சிப் பாறையைத் தாண்டித்தான் போகவேண்டும். அக்காவை விட்டால் பாப்பாவைப் பார்த்துக்கொள்ள எனக்கு அங்கே ஆள் இல்லை. என்னை உள்ளே வைப்பதானால் வையுங்கள். மணியை உள்ளே வைக்காதீர்கள்.

இதுவரை சொன்னதைக் கிராணி ஐயா எனக்குத் திரும்பப் படித்துக் காட்டினார். யாரும் மிரட்டியும் சொல்லவில்லை, ஆசை காட்டியும் சொல்லவில்லை. எல்லாம் நடந்தபடியே இருக்கிறது. எழுதவேண்டாம் என்று நான் சொன்னதையும் அவர் எழுதியிருக்கிறார், இருக்கட்டும்.

வீரம்மா, இடது கைப் பெருவிரல் ரேகை.

என் முன்னிலையில் வைக்கப்பட்டது. க. விஸ்வலிங்கம், மொழிபெயர்ப்புக் கிராணி.

குறிப்பு: இன்ஸ்பெக்டர் உத்தரவுப்படி மேற்படி மணி இன்று பிற்பகல் துறைமுக ஆபீஸ் லாஞ்சில் ஏற்றப்பட்டு, பழைய இடத்தில் பொருத்துவதற்காக லாஞ்சுக் கூலி அப்பாவு வசம் ஒப்படைக்கப்பட்டது. கோர்ட்டார் சான்றுப் பொருளைப் பார்க்க விரும்பினால் படகில் சென்று பார்க்கவேண்டியிருக்கும். வீரம்மா நாளை மாஜிஸ்திரேட் முன் ஆஜராகவேண்டும். புகார்தாரர் சின்னையா புகாரைத் திரும்பப் பெறவில்லை. அவரும் அவர் சம்சாரமும் ஏறியிருந்த தொங்கான் பாய் விரித்துப் புறப்படும் சமயம், போயாவில் மணி கட்டி முடிந்து சத்தம் கேட்கும்வரை படகை அவிழ்க்கவேண்டாம் என்று புகார்தாரரே தண்டலிடம் சொன்னதாக, லூமுட் படித்துறையில் காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் தெரிவித்தார்.